அமெரிக்காவில் மெக்கானிக்கல் மேல்படிப்பு: எம்.எஸ்ஸா, எம்.எங்கா?

பி.இ. மெக்கானிக்கல் முடித்து அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால், ஒரே துறைக்கு இரண்டு பட்டங்கள் கண்ணில் படும்: எம்.எஸ்., எம்.எங். எதில் டிக் அடிப்பது?

எம்.எங். என்பது வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே அமைத்த படிப்பு. தீசிஸ் (ஒரே கேள்வியை ஆராய்ந்து எழுதும் ஆய்வேடு) இருக்காது. பாடங்கள், கூடவே ஒரு ப்ராஜெக்ட், அவ்வளவுதான். கார்னெலில் 30 கிரெடிட், ஓராண்டு. பெர்க்லியில் இரண்டே செமஸ்டர். நிர்வாகப் பாடங்களும் உண்டு. எம்.எஸ். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகும். ஆனால் தீசிஸ் இல்லாத எம்.எஸ்ஸும் பல இடங்களில் இருக்கிறது. அதனால் பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைப் பாருங்கள்.

உதவித்தொகை கிடைக்குமா? எம்.எங்.குக்கு அரிது. ஆர்.ஏ. (பேராசிரியரின் ஆய்வில் வேலை செய்து சம்பளம் பெறும் மாணவர்) இடங்கள் ஆய்வு செய்கிறவர்களுக்குத்தான் முதலில் போகும். கல்விக் கடன் வாங்கும்போது, ‘போனதும் ஏதாவது கிடைக்கும்’ என்பதை வரவில் சேர்க்காதீர்கள்.

சீக்கிரம் முடிந்தால் செலவு மிச்சம்தானே? வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிச்சம், உண்மை. ஆனால் காலண்டரை எடுத்துப் பாருங்கள். ஆகஸ்டில் போய் இறங்குகிறீர்கள். செப்டம்பரில் வேலைவாய்ப்பு முகாம். ஊரிலிருந்து கொண்டுபோன குக்கருக்கு அந்த ஊர் பிளக் பொருந்துமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் வாரத்திலேயே கம்பெனிக்காரரிடம் ரெஸ்யூமேயை நீட்ட வேண்டும். அதில் புதுக் கல்லூரியின் மதிப்பெண் ஒன்றுகூட இருக்காது. மே மாதம் பட்டம். நடுவில் கோடை விடுமுறையே வராது. இரண்டாண்டு படிப்பவர் முதல் கோடையில் சி.பி.டி. (படிக்கும்போதே துறை சார்ந்த வேலை பார்க்கக் கல்லூரி தரும் அனுமதி) வாங்கி இன்டர்ன்ஷிப் போவார். பலருக்கு அந்தக் கம்பெனியே வேலையும் தருகிறது. எம்.எங்.கில் நீங்கள் இழப்பது அந்தக் கோடையைத்தான். கட்டண விவரத்தில் இது எங்கும் இருக்காது.

அப்படியானால் எம்.எங். யாருக்கு? இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்தவருக்கு. ‘இந்தப் பிராக்கெட்டின் துளைக்கு டாலரன்ஸ் (அளவு கூடக்குறைய இருக்கலாம் என்று விடும் எல்லை) ஏன் 0.05 மி.மீ. போட்டீர்கள்? 0.1 விட்டிருந்தால் செலவு குறைந்திருக்குமே?’ என்று முகாமில் கேட்டால், சொந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்ல அவரால் முடியும். கல்லூரியிலிருந்து நேரே போகிறவருக்கு நான் ஓராண்டுப் படிப்பைச் சொல்ல மாட்டேன்.

விசாவில் வித்தியாசம் உண்டா? இல்லை. இரண்டுக்கும் ஓ.பி.டி. (படிப்புக்குப் பின் அங்கே வேலை பார்க்கும் அனுமதி) 12 மாதம். அறிவியல், பொறியியல் படிப்பென்றால் இன்னும் 24 மாதம். இந்தக் கூடுதல் மாதங்கள் கிடைக்குமா என்பதற்கு, விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் துறை எண் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்; மெக்கானிக்கலுக்கு 14.1901. முதல் 12 மாதத்தில் வேலையில்லாத நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. பட்டம் வாங்கிய பிறகு நிதானமாகத் தேடலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

ராக்கெட், விமானக் கம்பெனிகள்? ‘ஐடார்’ என்ற பாதுகாப்புத் துறை ஏற்றுமதிச் சட்டத்தால் அங்கே பல வேலைகள் அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள் போன்றோருக்குத்தான். சாஃப்ட்வேர்காரர்களைவிட நம் துறைக்காரர்களுக்கு இதில் அடி அதிகம். கார், ஏசி, மருத்துவக் கருவி என்று வேறு பக்கமும் தேடுங்கள்.

பிஎச்.டி. ஆசை கொஞ்சமாவது இருந்தால் தீசிஸ் உள்ள எம்.எஸ். எடுங்கள்.

எம்.எங்.தான் என்று முடிவு செய்துவிட்டால், சேருமுன் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘மூன்றாவது செமஸ்டர் எடுத்து டிசம்பரில் முடிக்கலாமா? இடையில் வரும் கோடையில் சி.பி.டி. தருவீர்களா?’ இரண்டுக்கும் சம்மதம் என்று எழுத்தில் வந்தால், கூடுதல் செமஸ்டருக்கான கட்டணத்தையும் கடன் தொகையில் சேர்த்தே வங்கியில் கேளுங்கள்.