வெண்மைக்காக எனாமலை இழக்கலாமா?

எலுமிச்சைச் சாறு தேய்த்தால் பல் பளிச்சிடலாம். ஆனால் அங்கே போவது கறை மட்டுமல்ல. பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும்; எலுமிச்சையின் அளவோ 2 முதல் 3 வரை. இழந்த எனாமல் மீண்டும் வளராது. அது மெலிந்தால் அடியிலுள்ள மஞ்சள் டென்டின் வெளியே தெரியும், வெளுக்கத் தேய்த்த பல் இன்னும் மஞ்சளாகும்.

"தாத்தா காலத்தில் உமிக்கரிதானே?" என்று கேட்பார்கள். வெற்றிலைக் கறையையும் தேநீர்க் கறையையும் அது சுரண்டி எடுக்கும், மறுக்கவில்லை. உள்நிறத்தைத் தொடாது, எனாமலையும் சேர்த்துத் தேய்க்கும். சமையல் சோடா அவ்வளவு கரடல்ல, அதுவும் மேற்கறையோடு நின்றுவிடும். பல்லின் நிறத்தையே மாற்றுவது, உள்ளே ஊடுருவி நிறமிகளைச் சிதைக்கும் பெராக்சைடுதான். பல் மருத்துவர் அளவெடுத்துத் தரும் உறையில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை வைத்துக்கொள்வதே வீட்டு முறைகளில் நன்கு சோதிக்கப்பட்டது. செலவு கூடுதல்தான், சில நாள் பல்கூச்சமும் வரலாம். சொத்தை இருந்தால் முதலில் அதை அடைத்துவிட வேண்டும்.