அறிக்கை வரைதலும் கணினியும்: டயகமப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

ஊடகங்களுக்கான அறிக்கைகளை மனிதர் எழுதுதல் வேண்டுமா, அன்றிக் கணினியே ஆக்கிவிடலாமா என்னும் வினா இன்று பல நாடுகளில் எழுந்துள்ளது. வணிக நிறுவனங்களைப் பொறுத்தவரை இது செலவையும் காலத்தையும் பற்றியது. மலையகத்திலோ இது உயிரைப் பற்றியதாகும். ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தே அமைந்துள்ள டயகம போன்ற தோட்டப் பகுதிகளில், மழைக்காலத்து அரச அறிக்கைகளுள் முதன்மையானது மண்சரிவு எச்சரிக்கையே. அதனைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. எச்சரிக்கையின் அமைப்பு

மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகின்றது. 24 மணித்தியாலத்து மழைவீழ்ச்சி 75 மில்லிமீற்றரைக் கடப்பின் விழிப்பு நிலையும், 100 மில்லிமீற்றரைக் கடப்பின் எச்சரிக்கை நிலையும், 150 மில்லிமீற்றரைக் கடப்பின் வெளியேறும் நிலையும் அறிவிக்கப்படும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்பன இவற்றின் நிறக்குறிகள். மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, நிலை, செல்லுபடியாகும் நேரம் ஆகியனவே நாள்தோறும் மாறுவன. ஏனைய வாக்கியங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. இத்தகைய வாய்பாட்டு உரையைக் கணினி பிழையின்றி ஆக்கவல்லது என்பதில் ஐயமில்லை.

2. பிறநாட்டு அனுபவம்

கனடாவில் வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சு மொழிக்குப் பெயர்க்கும் ‘மெற்றியோ’ முறைமை 1977 முதல் பயன்பட்டது. சொற்களும் வாக்கிய வகைகளும் குறுகிய எல்லைக்குள் அமைந்தமையே அதன் வெற்றிக்குக் காரணமாகும். விமானப் பராமரிப்பு நூல்களுக்கு அதே ஆய்வுக்குழு மேற்கொண்ட முயற்சியோ 1981 இல் கைவிடப்பட்டது. 2014 மார்ச் 17 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தைப் பற்றி ‘லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ்’ இதழின் கணினி நிரல் சில நிமிடங்களிலேயே செய்தியை ஆக்கியது. ஆயினும் 2017 இல் அதே நிரல், 1925 இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தைப் புதிய நிகழ்வாக அறிவித்தது. அமெரிக்க நிலவியல் நிறுவனத்திலிருந்து வந்த தரவிலேயே தவறு இருந்தது. தரவு பழுதாயின் உரையும் பழுதாகும். அதனை ஐயுறும் ஆற்றல் நிரலுக்கு இருக்கவில்லை.

3. தமிழும் காலத்தாழ்வும்

1987 இல் நிறைவேறிய 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாகும் என்றது. எனினும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைத் தாக்கியபோது, எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையிற் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. ஓர் அறிக்கை முதலில் வேறு மொழியில் எழுதப்பட்டுப் பின்னர் மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்குமாயின், தமிழ் வாசகன் எப்போதும் இரண்டாமவனாகவே இருப்பான். தேர்ந்த தமிழறிஞரும் நிலவியலாளரும் கூடி வாய்பாட்டை ஒருமுறை தமிழில் செவ்வனே அமைத்துவிட்டால், மும்மொழியிலும் ஒரே கணத்தில் அறிக்கை வெளிவரலாம். கணினியால் மலையகம் பெறக்கூடிய மெய்யான பயன் இதுவே எனலாம்.

இங்கு வேறொரு மொழிச்சிக்கலும் உண்டு. அறிக்கை பிரதேச செயலகப் பிரிவைச் சுட்டும்; தொழிலாளியோ தம் இருப்பிடத்தைத் தோட்டம், டிவிசன், லயம் என்றே அறிவார். தோட்டங்கள் பலவற்றுக்கு ஆவணப் பெயர் ஒன்றாகவும் மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறாகவும் உள்ளன. இப்பெயர்களைத் திரட்டி வாய்பாட்டிற் சேர்ப்பது கணினியின் பணியன்று. அம்மக்களிடையே சென்று கேட்டறிவோர் செய்யவேண்டிய பணியாகும்.

4. வாய்பாட்டுக்கு அப்பால்

2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியாபெத்தையில் தோட்ட லயங்கள் மண்ணுள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை எழுதப்படாமையன்று, எழுதப்பட்டதன் பின் மாற்றிடம் வழங்கப்படாமையே அழிவுக்குக் காரணமாயிற்று. ‘பாதுகாப்பான இடத்துக்குச் செல்க’ என்னும் வாக்கியத்தைக் கணினி நொடியில் ஆக்கும். நள்ளிரவு மழையில் குழந்தைகளோடும் முதியோரோடும் செல்லவேண்டிய இடம் எது, அதன் திறப்பு யாரிடம் உள்ளது, மறுநாள் வேலைக்குச் செல்லாதவரின் சம்பளம் என்னாகும் என்பவற்றுக்கு விடை, பொறுப்புடைய ஒருவர் முடிவெடுத்தாலன்றிக் கிடையாது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, அளந்தறிந்த செய்திகளை அறிக்கையாக்கும் பணி கணினிக்கு ஏற்றது என்பதும், வேகமும் மொழிச்சமன்மையும் அதனாற் கிட்டும் என்பதும் புலனாகின்றன. தரவை ஐயுற்று நோக்குதல், இடப்பெயரைச் சரியாக வழங்குதல், வாக்குறுதிக்குப் பொறுப்பேற்றல் ஆகியன மனிதர்க்கே உரியன. ஓர் அறிக்கையின் பயனை அது எத்துணை விரைவில் எழுதப்பட்டது என்பதைக் கொண்டன்று, அதைக் கேட்டவர் உரிய வேளையில் லயத்தைவிட்டு வெளியேற முடிந்ததா என்பதைக் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும்.