கெட்டிலில் மிஞ்சும் தண்ணீர்

பள்ளி விட்டு வந்ததும் ஒரு குவளை மைலோ கலக்க வேண்டும். கெட்டிலைக் குழாயடியில் பிடிக்கிறோம். அது கழுத்துவரை நிரம்புகிறது. சுவிட்சைத் தட்டிவிட்டுக் கைபேசியைப் பார்க்கப் போய்விடுகிறோம். நான்கு நிமிடத்தில் ‘டக்’ என்று அணைகிறது. ஒரு குவளைக்கு ஊற்றியதுபோக மீதி ஒன்றேகால் லிட்டர் அங்கேயே ஆறிப்போகிறது. இரவில் அக்கா காப்பி போட வரும்போது அதே தண்ணீர் மறுபடியும் கொதிக்கிறது.

கெட்டில் மின்சாரத்தை விழுங்குகிறது என்று வீட்டில் சொல்வார்கள். பாவம், பழி அதன்மீது விழுகிறது. அதன் வெப்பத்தகடு தண்ணீரை ஒட்டியே இருப்பதால், இழுக்கும் மின்சாரத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீருக்கே போய்ச் சேரும். எரிவாயு அடுப்பில் பாதிக்கு மேற்பட்ட வெப்பம் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறிச் சமையலறையைத்தான் சூடாக்குகிறது. (மின்நிலையத்தில் எரிவாயுவை மின்சாரமாக்கும்போதே ஏறத்தாழப் பாதி வெப்பம் போய்விடுகிறது என்பதால், அடுப்பா கெட்டிலா என்ற வாக்குவாதத்தில் தீர்ப்புச் சொல்வது கடினம். அதை விட்டுவிடுவோம்.) கெட்டிலில் சேமிக்க இடமிருப்பது கருவியில் அல்ல, அதில் நாம் ஊற்றும் தண்ணீரின் அளவில்.

கணக்கு மிக எளிது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வெப்பம் தேவை. சிங்கப்பூரில் குழாய் நீர் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால், கொதிநிலைக்குப் போக 72 டிகிரி ஏற வேண்டும். 4.2 × 72 = 302 கிலோஜூல். மின்கட்டணச் சீட்டில் வரும் ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட்-மணி, 3,600 கிலோஜூலுக்குச் சமம். இழப்பையும் சேர்த்தால் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 0.1 யூனிட் ஆகும்.

தேவைக்கு மேல் ஒரு லிட்டர் கொதிக்க வைப்பது நாளுக்கு மூன்று தடவை நடந்தால் மாதம் 9 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று கொண்டால் 2 வெள்ளி 70 காசு. மிஞ்சிய தண்ணீர் முழுதும் ஆறுமுன் மறுபடி கொதிக்க வைத்தால் இழப்பு கொஞ்சம் குறையும். இது பெரிய தொகையா? ஒரு கிலோவாட் இழுக்கும் குளிர்சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால், அதே மின்சாரத்தில் பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஆனால் குளிர்சாதனத்தை அணைத்தால் வியர்க்கும். கெட்டிலில் ஒரு லிட்டரைக் குறைத்தால் யாருக்கும் எந்தக் குறையும் தெரியாது. மேலும் இங்கே 10 லட்சத்துக்கும் அதிகமான வீவக வீடுகள் இருக்கின்றன. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவை எரித்தே கிடைக்கிறது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறத்தாழ 0.4 கிலோகிராம் கரியமில வாயு வெளியேறுகிறது.

உங்கள் வீட்டுக் கெட்டிலை நீங்களே சோதித்துப் பாருங்கள். அதன் அடியில் உள்ள சீட்டில் எத்தனை வாட் என்று போட்டிருக்கும். 2,200 வாட் என்றால் நொடிக்கு 2.2 கிலோஜூல். இழப்பே இல்லாவிட்டால் ஒன்றரை லிட்டர் 206 நொடியிலும், அரை லிட்டர் 69 நொடியிலும் கொதிக்க வேண்டும். இப்போது கடிகாரத்தை வைத்து அளவிடுங்கள். அது கூடுதலாகத்தான் காட்டும். 206ஐக் கடிகாரம் காட்டிய நொடிகளால் வகுத்தால் உங்கள் கெட்டிலின் திறன் கிடைத்துவிடும். 240 நொடி என்றால் 86 விழுக்காடு.

அரை லிட்டருக்குச் செய்தால் திறன் சற்றுக் குறைவாக வருவதைக் காண்பீர்கள். தண்ணீர் குறைவானாலும் கெட்டிலின் உடம்பையும் முழுதாகச் சூடாக்கியாக வேண்டும்; கொதித்தபின் அது அணைவதற்கும் சில நொடிகள் பிடிக்கும். அதனால் நிறையக் கொதிக்க வைப்பதே சிக்கனம் என்று சிலர் வாதாடுவார்கள். ஏமாற வேண்டாம். திறன் குறைந்தாலும் செலவான மொத்த மின்சாரம் எது குறைவு என்று பாருங்கள். ஒன்று மட்டும்: கெட்டிலில் குறித்துள்ள குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் ஊற்றாதீர்கள். வெப்பத்தகடு அளவுக்கு மீறிச் சூடாகும்.

அந்த ‘டக்’ சத்தத்துக்கு வருவோம். தண்ணீர் கொதித்துவிட்டது என்று கெட்டிலுக்கு எப்படித் தெரியும்? கொதிக்கும் நீரின் ஆவி ஒரு சிறு வழியாகச் சுவிட்சுப் பக்கம் செல்கிறது. அங்கே இரண்டு வெவ்வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறிய தகடு இருக்கிறது. சூடேறும்போது ஓர் உலோகம் மற்றதைவிட அதிகமாக விரிவதால் தகடு சட்டென்று வளைந்து சுவிட்சைத் தட்டிவிடுகிறது. இத்தகைய கட்டுப்பாட்டுக் கருவிகளை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜான் டெய்லர். கேம்பிரிட்ஜில் வெட்டுக்கிளி போன்ற பூச்சி உட்கார்ந்திருக்கும் புகழ்பெற்ற கடிகாரத்தையும் அவர்தான் உருவாக்கினார்.

மூடியைத் திறந்து வைத்தால் ஆவி மேலே போய்விடும், தகடு வளையாது, கெட்டில் அணையாது. கொதிநிலைக்குப் பிறகு தண்ணீர் மேற்கொண்டு சூடாவதும் இல்லை. அத்தனை மின்சாரமும் ஆவியாக மாறுகிறது. 2,200 வாட் கெட்டில் நொடிக்கு ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்கும். ஒரு நிமிடம் அப்படிக் கொதித்தால், ஒன்றேமுக்கால் குவளைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு மின்சாரம் கூரைக்குப் போய்விடும்.

பாட்டி இருக்கும் வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. குடிதண்ணீர் முழுவதையும் தினமும் கொதிக்க வைத்து, ஆற வைத்து, பிறகு குளிர்பதனப் பெட்டியில் வைப்பது. ஒரு காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. இங்குள்ள குழாய் நீரை நேராகவே குடிக்கலாம் என்கிறது பொதுப் பயனீட்டுக் கழகம். நாளுக்கு மூன்று லிட்டர் கொதிக்க வைத்தாலும் மாதம் அதே 9 யூனிட்தான். பாட்டியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்வது உங்கள் சாமர்த்தியம். கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்குவது வேறு கதை. அதற்குக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் வேண்டும்.

மைலோவுக்கும் ஒரு வழி இருக்கிறது. குவளை முழுக்கக் கொதிநீரை ஊற்றிவிட்டு, நாக்குச் சுடும் என்று பத்து நிமிடம் காத்திருக்கிறோம். அரைக்குவளை கொதிநீரில் தூளைக் கரைத்துவிட்டு மீதிக்குக் குழாய் நீரையே ஊற்றினால், அப்போதே குடிக்கும் சூட்டில் இருக்கும், மின்சாரமும் பாதிதான்.

சில வீடுகளில் கெட்டிலுக்குப் பதில், நாள் முழுக்கத் தண்ணீரைச் சூடாகவே வைத்திருக்கும் மின்குடுவை இருக்கும். சூட்டைத் தக்கவைக்க அது சராசரியாக 40 வாட் இழுத்தால், ஒரு நாளைக்கு 0.96 யூனிட். ஒன்பது லிட்டருக்கு மேல் புதிதாகக் கொதிக்க வைக்கலாம்! வெற்றிட ஃபிளாஸ்க்குக்கு மின்சாரமே வேண்டாம். அதன் இரட்டைச் சுவர்களுக்கிடையே காற்று இல்லாததால் வெப்பம் எளிதில் கடக்க முடியாது. இன்றிரவு கெட்டிலில் மிஞ்சும் தண்ணீரை அதில் ஊற்றி மூடுங்கள். காலையில் ஒரு வெப்பமானியை விட்டுப் பாருங்கள். அந்த எண்ணுக்கும் 28க்கும் உள்ள இடைவெளிதான் நேற்றைய மின்சாரத்தில் நீங்கள் மீட்டெடுத்த பங்கு.