பதினான்காம் மாடியில் திங்கள் மாலை

மொஸ்கோ நகரின் தென்மேற்கே, ஆறு வளைந்தோடும் குன்றின்மேல், மொஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் பெருங்கட்டடம் நிற்கிறது. 1953ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட அக்கட்டடம், உச்சிக் கூம்பையும் சேர்த்து ஏறக்குறைய 240 மீற்றர் உயரமுடையது. அதன் உயரத்தை வியந்து பேசுவோர் பலர். அதன் 14ஆம் மாடியில் திங்கட்கிழமை தோறும் மாலையில் நிகழ்ந்து வந்த கூட்டமொன்றைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும், இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு அந்தக் கோபுரத்தினும் இந்தக் கூட்டமே பெரிதாகத் தோன்றும்.

1960களிலோ 1970களிலோ ஒரு குளிர்கால மாலை அங்கே ஏறிச் சென்றிருப்பவர் கண்டிருக்கக்கூடிய காட்சி விந்தையானது. பகல் வகுப்புகள் முடிந்துவிட்டன. ஆனால், நடைவழியில் கூட்டம் கலைவதற்கு மாறாகக் கூடிக்கொண்டிருக்கும். நரைத்த தலைப் பேராசிரியர்கள், பட்டப்பின்படிப்பு மாணவர்கள், பகலெல்லாம் வேறெங்கோ தொழில் பார்த்துவிட்டு வந்தவர்கள், இவர்களோடு மீசை அரும்பாத பள்ளிச் சிறுவர் சிலரும் நிற்பர். அறிவித்த நேரம் கடந்துபோகும். கூட்டத்தை நடத்துபவரைக் காணோம். எவரும் முணுமுணுப்பதில்லை. எவர் எதை நிறுவினார், எவருடைய நிறுவல் எந்த இடத்தில் உடைந்தது என்ற பேச்சு நடைவழியெங்கும் நடக்கும். கருத்தரங்கின் பாதி, கருத்தரங்கு தொடங்குமுன்னரே அந்த நடைவழியில் முடிந்துவிடுவதுண்டு என்று பின்னாளில் நினைவுகூர்ந்தவர் பலர். இறுதியாக, சிறிய உருவினரான ஒரு மனிதர் வந்து சேர்வார். அவரும் உடனே உள்ளே போய்விடமாட்டார். போனபின்னர், கட்டடத்தைப் பூட்ட வருபவர்கள் வந்து எழுப்பும்வரை கூட்டம் நடக்கும்.

அந்த மனிதர் இசுரேல் மொய்செயெவிச் கெல்பாந்த். போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய கிழமைக் கருத்தரங்கு, 1989 இல் அவர் அமெரிக்கா செல்லும்வரை ஏறத்தாழ நாற்பத்தாறு ஆண்டுகள் நீடித்தது. பாடத்திட்டத்தில் அதற்குக் கட்டாய இடமில்லை, வருகைப் பதிவு இல்லை, புள்ளிகள் இல்லை. வந்தவர்கள் வரவேண்டும் என்பதற்காக வந்தார்கள்.

கெல்பாந்தின் கல்வி வரலாற்றை அறியாதார்க்கு அவரது கருத்தரங்கின் போக்கு விளங்காது. 1913 இல், இன்று உக்ரேனுக்குள் அடங்கும் ஒக்னி என்ற சிற்றூரில் ஓர் யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை ஆலை நடத்தியவர். ஆகவே, முதலாளி வர்க்கத்தாரின் மகன் என்று பள்ளியினின்றும் விலக்கப்பட்டார். பதினைந்து வயதளவில் குடல்வால் நோய்க்காக மருத்துவமனை செல்லவேண்டி வந்தபோது, நுண்கணித நூல் ஒன்றை வாங்கித் தந்தாலன்றிப் போவதில்லை என்று பெற்றோரிடம் பிடிவாதம் பிடித்த பிள்ளை அவர். வாங்கிக் கொடுத்தனர். அதுவரை அட்சரகணிதம் வேறு, கேத்திரகணிதம் வேறு என்று எண்ணியிருந்தவர், கோணத்தின் சைன் என்ற அளவை ஒரு தொடராக எழுதிவிடலாம் என்று அந்நூலிற் கண்டபோது இரண்டிற்கும் இடையே நின்ற சுவர் விழுந்துவிட்டதாகப் பின்னர் கூறியிருக்கிறார். பதினாறு வயதைத் தாண்டியதும் மொஸ்கோவுக்கு வந்தார். கிடைத்த சிறு வேலைகளைச் செய்தார். லெனின் நூலகத்தின் வாயிலில் நின்று அனுமதிச் சீட்டுகளைச் சரிபார்த்ததும் அவற்றுள் ஒன்று. மாலையில், எவரும் அழைக்காமலே, பல்கலைக்கழகக் கருத்தரங்குகளிற் போய் அமர்ந்தார். பள்ளியையும் முடிக்காத, பட்டமும் பெறாத அந்த இளைஞர், பத்தொன்பதாம் வயதில் நேரே பட்டப்பின்படிப்பு மாணவராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் அந்திரேய் கொல்மோகொறோவ். கதவோரத்தில் நின்று கற்றவர் பின்னாளில் நடத்திய அவையில், கதவு பெரும்பாலும் திறந்தே இருந்தது.

இனி, உள்ளே நடந்ததைக் கூறவேண்டும். நாம் பழகிய கருத்தரங்கு எத்தகையது என்பது வாசகர் அறிந்ததே. தலைமையுரை நீளும், கட்டுரை வாசிக்கப்படும், வினாவுக்குரிய நேரம் எப்படியோ கரைந்துபோகும், எஞ்சுவது நன்றியுரை. கெல்பாந்தின் அவையில் பேச்சாளர் தமது முதல் வாக்கியத்தை முடித்தாலே பெரிது. முன்வரிசையில் அமர்ந்திருப்பவர் இடைமறிப்பார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? மிக எளிய எடுத்துக்காட்டு எது? அதை முதலில் எழுதுக. ஒரு மணி நேரத்திற்கென ஆயத்தம் செய்து வந்த உரை, இரண்டு வரைவிலக்கணங்களோடு நின்றுபோன மாலைகள் உண்டு. அறிவித்த பேச்சாளர் ஒருவராகவும், இறுதியிற் பேசியவர் வேறொருவராகவும் இருந்த மாலைகளும் உண்டு. பேச்சாளர் விளக்கத் தவறினால், அவரை இருத்திவிட்டு, அவையிலிருந்து இன்னொருவரைக் கரும்பலகைக்கு அழைப்பார். அவர் இப்பொழுது கேட்டதைத் தம் சொல்லிற் கூறவேண்டும்.

இவ்வழக்கத்தின் உச்சமாக ஓர் ஏற்பாடு இருந்தது. அவையிலிருந்து ஒரு மாணவனை, சில வேளை முதலாண்டு மாணவனை, அன்றைய உரைக்கு அளவுகோலாக அமர்த்திவிடுவார். அவனுக்கு இட்ட பெயரைத் தமிழில் ‘சோதனைக் கேட்போன்’ எனலாம். உரையின் நடுவே அவன் பக்கம் திரும்பி, விளங்கியதா என்று கேட்பார். விளங்கியது என்று அவன் தலையசைத்தால் அத்துடன் தப்பிவிட முடியாது. எழுந்து வந்து சொல்லவேண்டும். விளங்கவில்லை என்றால் பேச்சாளர் மீண்டும் தொடங்கவேண்டும், அவர் எத்துணைப் புகழ் பெற்றவராயினும் சரி. இக்கருத்தரங்கு பள்ளி மாணவருக்கும், நல்ல பட்டப்பின்படிப்பு மாணவருக்கும், தலைசிறந்த பேராசிரியருக்கும் உரியது என்ற கருத்துப்பட அவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டாம். வேடிக்கையில் உண்மை உண்டு: சிறுவனுக்கு விளங்குமாறு கூற, பேராசிரியருள்ளும் தலைசிறந்தவர்க்கே இயலும்.

இதனைப் புகழ்ந்து மட்டும் எழுதிச் செல்லுதல் நேர்மையாகாது. கெல்பாந்தின் நாக்குக் கூரியது. அவையறியத் தம்மைச் சிறுமைப்படுத்தினார் என்று மனம் நொந்தவர்கள் இருந்தனர். ஒருமுறை பேசியபின் மறுமுறை அந்த மேடைக்கு வர அஞ்சியவர்களும் இருந்தனர். ஆசிரியர்க்குரிய பொறுமை அவரிடம் இருந்ததென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால், அவருடைய கடுமை எந்தத் திசையிற் சென்றது என்பதைக் கவனிக்கவேண்டும். விளங்கவில்லை என்ற இளையவன்மீது அது பெரும்பாலும் பாய்வதில்லை; விளங்காததை விளங்கியதாகக் காட்டிக்கொண்டவர்மீதே பாய்ந்தது. அவைகளில் இதற்கு நேர்மாறான வழக்கத்தையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

மொஸ்கோவில் இம்மரபு கெல்பாந்தோடு பிறந்ததன்று. 1920களின் தொடக்கத்தில் நிக்கொலாய் லூசின் என்பாரைச் சூழ்ந்து ஓர் இளைஞர் குழு இருந்தது. ‘லூசித்தானியா’ என்று அவர்கள் தமக்கே ஒரு நாட்டின் பெயரைச் சூட்டிக்கொண்டனர். உள்நாட்டுப் போரின் வறுமையில் வெப்பமூட்ட விறகில்லாத மண்டபங்களில், மேலங்கியைக் கழற்றாமலே அமர்ந்து கற்றவர்கள் அவர்கள். லூசின் கரும்பலகையின் முன் நின்று, கூறவந்த நிறுவலைத் தொலைத்துவிட்டவர் போலத் திகைப்பார். மாணவர் எழுந்துவந்து கண்டுபிடித்துக் கொடுப்பர். அலெக்சாந்திரோவ், கொல்மோகொறோவ், நீனா பாரி முதலியோர் அக்குழுவிலிருந்து வந்தவர்கள். பின்னர் 1936 ஜூலையில், லூசின் சோவியத் முகமூடி அணிந்த பகைவர் என்று ‘பிராவ்தா’ நாளிதழ் குற்றஞ்சாட்டியது. விஞ்ஞானக் கழகம் விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. ஆசிரியருக்கு எதிராக அங்கே பேசியவர்களுள் அவருடைய பழைய மாணவர் சிலரும் இருந்தனர். சிறையிலிருந்து லூசின் தப்பினார். அந்தக் கறை நீங்கவில்லை. அவரைக் கண்டித்த தீர்மானத்தை றஷ்ய விஞ்ஞானக் கழகம் முறைப்படி நீக்கியது 2012 இல் ஆகும். அவர் மறைந்ததோ 1950 இல். வினவக் கற்பித்த ஒருவரை, வினவக் கற்றவர்களே விசாரணை மேசைக்கு இழுத்துச் சென்ற அந்தக் கோடையை எண்ணும்பொழுது எழுதுகோல் சிறிது தயங்குகிறது.

கிழமைக் கருத்தரங்கு அந்நாட்டில் ஏன் இவ்வளவு பெரிதாயிற்று என்ற வினாவும் எழும். வெளிநாட்டுச் சஞ்சிகைகள் தாமதித்தே வந்தன. பிரதியெடுக்கும் பொறிகள் பூட்டிய அறைகளில் இருந்தன. வெளிநாட்டு மாநாட்டிற்குச் செல்ல அனுமதி கிடைப்பது அரிது. யூதருக்கு மேலும் அரிது. ஆகவே, புதியதோர் தேற்றம் உலகின் எந்த மூலையிற் பிறந்தாலும், அதை எவரோ ஒருவர் படித்து வந்து மாலையிற் கரும்பலகையில் எழுதினால்தான் மற்றவர்க்குக் கிடைக்கும். மாலை நான்கு மணிக்குப்பின் பல்கலைக்கழகம் இன்னொரு பல்கலைக்கழகமாக மாறியது. பட்டப்பின்படிப்பு மாணவர்க்கான சிறப்புப் பாடநெறிகளும் கருத்தரங்குகளும் மாடிதோறும் நடந்தன. செவ்வாய்க்கிழமைகளில் விளாதிமிர் ஆர்னோல்ட் கருத்தரங்கு நடத்தினார். பருவந்தோறும் அவர் தொடக்கத்திலேயே தீராத வினாக்களின் பட்டியலொன்றை மாணவர்முன் வைத்துவிடுவார். அவ்வினாக்களைத் தொகுத்துப் பின்னர் தனி நூலாகவே வெளியிட்டனர். கெல்பாந்தும் திங்களோடு அமையவில்லை. 1950களின் பிற்பகுதியில் அவருடைய சிறு மகன் குருதிப் புற்றுநோய்க்கு ஆளாகி இறந்தான். அதன்பின் அவர் உடலியலாளரையும் மருத்துவரையும் சேர்த்து உயிரியற் கருத்தரங்கொன்றையும் நடத்தினார். 1964 இல், தொலைவூர்ப் பிள்ளைகளுக்கு அஞ்சல்வழிக் கணிதப் பள்ளியையும் தொடங்கினார்.

பதினான்காம் மாடியின் கதவு திறந்திருந்தது என்றேன். கீழே, பல்கலைக்கழகத்தின் வாயில் அவ்வாறு இருக்கவில்லை. 1970களிலும் 1980களின் முற்பகுதியிலும், கணிதபீடத்தின் நுழைவுத் தேர்வில் யூத மாணவர்களைத் தனியே பிரித்து, தீர்க்க முடியாதவாறு அமைத்த கணக்குகளைக் கொடுத்து வீழ்த்துவது வழக்கமாயிற்று. அவற்றைச் ‘சவப்பெட்டிக் கணக்குகள்’ என்று மாணவர் அழைத்தனர். விடை இரண்டு வரிக்குள் அடங்கும். அந்த இரண்டு வரியைக் கண்டுபிடிக்கத் தேர்ந்த கணிதருக்கே நாட்கள் பிடிக்கும்.

இதற்கு மறுமொழியாக, பெல்லா சுப்பொத்தோவ்ஸ்காயா என்ற பெண்மணி 1978 இல் தம் வீட்டிலேயே மாற்று வகுப்புகளைத் தொடங்கினார். தள்ளப்பட்ட மாணவர்க்குச் சிறந்த கணிதர்கள் ஊதியமின்றிக் கற்பித்தனர். சிற்றுண்டியைப் பெல்லாவே ஆயத்தம் செய்தார். ‘யூத மக்கள் பல்கலைக்கழகம்’ என்று பின்னர் அதற்குப் பெயர் வழங்கியது. 1982 இல் அவ்வகுப்புகளோடு தொடர்புடைய இருவர் கைது செய்யப்பட்டனர், பெல்லாவும் விசாரிக்கப்பட்டார். அவ்வாண்டு செப்டெம்பரில் ஓரிரவு தெருவில் லொறி மோதி அவர் இறந்தார். மறு ஆண்டோடு வகுப்புகளும் நின்றன.

1984 இல் அந்நுழைவுத் தேர்வுக்குச் சென்ற பதினாறு வயது இளைஞர் எட்வர்ட் பிரெங்கெல், நடந்ததைத் தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். தந்தை யூதர். வட்டத்தின் வரைவிலக்கணம் யாதெனக் கேட்டனர். தளமொன்றில் ஒரு புள்ளியிலிருந்து சமதூரத்திலுள்ள புள்ளிகளின் தொகுதி என்றார். தவறு என்றனர், ‘எல்லாப் புள்ளிகளின்’ என்று சொல்லவில்லையாம். பல மணி நேரம் இவ்வாறு கழிந்தபின், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியேறினார். எண்ணெய், எரிவாயு நிறுவகமொன்றில் இடம் கிடைத்தது. ஆயினும், பல்கலைக்கழகத்தை அவர் விடவில்லை. அனுமதிச் சீட்டில்லாதவரைக் காவலர் வாயிலில் மறித்ததால், உயர்ந்த வேலியின்மேல் ஏறிக் குதித்து உள்ளே சென்றார். விரிவுரைகளையும் கருத்தரங்குகளையும் கேட்டார். நாளடைவில் கெல்பாந்தின் திங்கள் மாலைக்கும் வந்து சேர்ந்தார். வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவரை அந்த மாடியில் எவரும் சீட்டுக் கேட்கவில்லை. அவருடைய முதற் கட்டுரை கெல்பாந்த் நிறுவிய சஞ்சிகையில் வெளிவந்தது.

அந்த அவையை நிறைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நாடு நீங்கினர். டேவிட் கஸ்தான் 1975 இலும் யோசப் பெர்ன்ஸ்டைன் 1981 இலும் சென்றனர். 1989 இல் கெல்பாந்தே சென்றார். அமெரிக்காவின் ரட்கேர்ஸ் பல்கலைக்கழகத்திலும் கருத்தரங்கை நடத்தினார். அங்கும் இளையோரைக் கரும்பலகைக்கு அழைத்தார். 2009 இல், தொண்ணூற்றாறாம் வயதில், அங்கேயே மறைந்தார்.

பிரெங்கெலுக்கும் 1989 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. அவர் அங்கிருந்த காலத்தில், மொஸ்கோ பல்கலைக்கழகத்தின் தலைவர் அண்மையிலுள்ள மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற்கு உரையாற்ற வந்தார். உரை முடிந்து வினாவுக்குரிய நேரம் வந்தது. அவையின் நடுவிலிருந்து பிரெங்கெல் எழுந்தார். தாம் எழுதிய நுழைவுத் தேர்வைப் பற்றிக் கேட்டார். அத்தகைய வழக்கம் எதுவும் தமது பல்கலைக்கழகத்தில் இல்லை என்றார் தலைவர். இளைஞர் உட்காரவில்லை, மறுபடியும் கேட்டார்.