மேசை மேல் ஓடும் கோச்சி

ரயில் என்றால் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் மட்டும்தானா? இல்லை, உட்கார்ந்து பேசுவதற்கும்தான் என்று சொல்லும் ஒரு கூட்டம் உலகமெங்கும் இருக்கிறது. நிஜ ரயிலைப் பல மடங்கு சுருக்கி, மேசை மேல் தண்டவாளம் பதித்து, எஞ்சினையும் பெட்டிகளையும் ஓடவிட்டு மகிழ்கிறவர்கள் அவர்கள். இது பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பேரப்பிள்ளை கண்டவர்கள் இதில் ஏராளம்!

இவர்களிடம் ஒரு வேடிக்கை உண்டு. வண்டியை ஓட்டுகின்ற நேரத்தை விட அதைப் பற்றிப் பேசுகின்ற நேரம்தான் அதிகம். நேற்று எந்த எஞ்சின் ஏன் நின்றது, இன்று எந்த மரத்துக்கு என்ன பச்சை பூசினேன், புதுப் பெட்டி வாங்கியதற்கு வீட்டில் என்ன பேச்சு விழுந்தது என்று ஒவ்வொரு நாளும் கதை தொடரும். சுகவீனமாய்ப் படுத்தவரை விசாரிப்பதும் அந்தக் கதைக்குள்ளேயே நடந்துவிடும். நம் ஊர்களில் அஸருக்குப் பின் கடைத் திண்ணையில் நான்கு பேர் கூடினால் நடப்பதும் அதுதானே? ஒரு வித்தியாசம், அவர்களுக்கு நடுவில் ஒரு சின்ன ரயில் இருக்கிறது.

இந்தப் பொழுதுபோக்குக்கு வயது அதிகம். ஜேர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் பொம்மை ரயில்களுக்கென அளவு வகுத்த தண்டவாளங்களைக் காட்சிக்கு வைத்தது. லிவர்பூலில் பிராங் ஹோர்ன்பி என்பவர் தம் பிள்ளைகள் விளையாடத் துளையிட்ட தகட்டுத் துண்டுகளை வெட்டிக் கொடுத்தார். 1901இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுதான் பின்னாளில் மெக்கானோ. 1920இல் அவருடைய பெயரிலேயே ஹோர்ன்பி ரயில்கள் கடைக்கு வந்தன. ஒரு வாப்பா தன் பிள்ளைகளுக்காக வீட்டில் செய்த வேலை, உலகம் முழுவதும் வீட்டுக்குள் ரயில் ஓட வழி வைத்தது.

கூடிப் பேசுவதற்கென்றே சங்கங்களும் தோன்றின. இலண்டனில் 1910இல் தொடங்கிய மாதிரி ரயில் சங்கம் உலகிலேயே பழைமையானது என்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியில் 1946இல் மாணவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அங்கே ஒரு பிரிவினர் மேசைக்கு மேலே மலையும் வீடும் செய்தார்கள். இன்னொரு பிரிவினர் மேசைக்குக் கீழே படுத்துக் கிடந்து, பழைய தொலைபேசி இணைப்பகச் சாமான்களைக் கொண்டு சிக்னல்களை இயக்கினார்கள். கீழே கிடந்தவர்களில் பலர் பிறகு கணினிப் பக்கம் போனார்கள். 1962இல் வெளிவந்த 'ஸ்பேஸ்வோர்' என்ற முன்னோடிக் கணினி விளையாட்டை உருவாக்கியவர்களில் முதன்மையான ஸ்டீவ் ரஸல் அந்தச் சங்கத்து உறுப்பினர். இன்று எல்லோரும் சொல்கிற 'ஹேக்கர்' என்ற சொல்லும் அந்த மேசையைச் சுற்றிய அரட்டையில்தான் பழக்கத்துக்கு வந்தது. வெறும் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் பாருங்கள்!

ஐந்தரை அடியின் சங்கடம்

சரி, நம்முடைய கோச்சியை இப்படிச் சுருக்க முடியுமா? முடியும். ஆனால் முதல் அடியிலேயே ஒரு சிக்கல் வந்து நிற்கும்.

உலகில் அதிகம் விற்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிஜப் பாதையின் அகலம் 1,435 மில்லிமீற்றர். அதை 87 மடங்கு சுருக்கினால் 16.5 கச்சிதமாக வரும். நம் நாட்டுப் பாதையோ ஐந்தரை அடி, அதாவது 1,676 மில்லிமீற்றர். பிரித்தானிய முறைப்படி ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்று கணக்கிட்டால் நமக்கு 22 மில்லிமீற்றர் அகலம் வேண்டும். கடையில் கிடைக்கும் 16.5 அதில் சரியாக முக்கால் பங்கு! கால் பங்கை எங்கே போய்த் தேடுவது?

இந்த இடத்தில்தான் அரட்டை சூடு பிடிக்கும். புத்தளத்துத் திண்ணை ஒன்றில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"இருக்கிற தண்டவாளத்தையே போடுவம் நானா. யாரு அளந்து பாக்கப் போறாங்க?"

"அளக்கத் தேவையில்ல தம்பி. நம்மட கோச்சி நல்லா அகண்டு நிக்கிற கோச்சி. இது காய்ச்சல்ல கிடந்து எழும்பின மாதிரி மெலிஞ்சு தெரியுதே!"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். இங்கிலாந்துக்காரர்களும் இந்தச் சண்டையைப் பல பத்தாண்டுகளாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய அளவிலும் 16.5 கொஞ்சம் ஒடுக்கம். அதைப் பொறுக்காதவர்கள் 18.83 மில்லிமீற்றரில் தாங்களே தண்டவாளம் செய்துகொள்கிறார்கள். என்னைக் கேட்டால், முதல் ரயில் செய்கிறவர் கடைத் தண்டவாளத்தோடு சமாதானமாகப் போவதே நல்லது. இரண்டாவது ரயில் செய்யும்போது சண்டையைத் தொடங்கலாம்.

களனிப் பள்ளத்தாக்குப் பாதையைச் செய்ய விரும்புகிறவருக்கு இந்தத் தலைவலி குறைவு. 1990களில் அகலப் பாதையாக மாற்றப்படும் வரை அது இரண்டரை அடிப் பாதையாக இருந்தது. கடையில் கிடைக்கும் 9 மில்லிமீற்றர் தண்டவாளம் அதற்கு ஏறக்குறையப் பொருந்திவிடும்.

நம் கரையோரப் பாதை

இந்தப் பொழுதுபோக்குக்கு ஏற்ற பாதை எது என்று கேட்டால் புத்தளப் பாதை என்றே சொல்வேன். மலையகப் பாதைக்கு மலையும் சுரங்கமும் செய்தாக வேண்டும். நமக்கு ஒரு தட்டைப் பலகை போதும். ராகமையில் பிரிந்து வடக்கே வரும் இந்தப் பாதை 1909இல் நீர்கொழும்பையும், 1916இல் சிலாபத்தையும், 1926இல் புத்தளத்தையும் எட்டியது. லுணுவில, நாத்தாண்டிய, மாதம்பை என்று தென்னந்தோட்டங்களுக்குள்ளால் வந்து, முந்தலைத் தாண்டிப் பாலாவிக்கு வரும்போது உப்பு வாய்க்கால்கள் தெரியும்.

அதற்கு அப்பால் நூர்நகரையும் கடந்து, சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுவதற்காக அருவக்காடு வரை பாதை நீண்டது. மாதிரி ரயில் செய்கிறவருக்கு இது அதிர்ஷ்டம். சும்மா வட்டமடிக்கும் ரயில் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். ஒரு முனையில் கல்லேற்றி மறுமுனையில் இறக்கி, வெறும் பெட்டிகளைத் திருப்பி அனுப்புகிற ரயிலுக்கு ஒரு வேலை இருக்கிறது. வேலை இருந்தால் நேரசூசி வேண்டும். நேரசூசி இருந்தால் இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு தானாக வரும்.

அதே அருவக்காட்டுக்குக் கொழும்புக் குப்பையை ரயிலில் கொண்டுவர அரசாங்கம் திட்டமிட்டபோது, 2018, 2019இல் புத்தளத்து மக்கள் நாட்கணக்காகப் போராடியதும் நினைவிருக்கும். ரயில் பெட்டியில் என்ன வருகிறது என்பது இங்கே பொழுதுபோக்கான கேள்வி மட்டும் அல்ல.

சின்னக் கேள்வி

புத்தளத்துக்கு இன்னொரு ரயிலும் சொந்தம். அது இங்கே ஒருநாளும் ஓடாத ரயில்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் வந்து தங்கியது இந்த மாவட்டத்தில்தான். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்திறங்கினார்கள். அந்த ஆண்டே தலைமன்னார் ரயிலும் நின்றுபோனது. 2013இல் மடு வரையும், 2015 மார்ச் 14இல் தலைமன்னார் இறங்குதுறை வரையும் மீண்டும் பாதை திறக்கப்பட்டது. நடுவில் 25 வருடங்கள்! புத்தளத்தில் பிறந்து, கல்யாணம் முடித்து, பிள்ளையும் பெற்றுவிட்ட ஒரு தலைமுறை தன் ஊர் ரயிலைக் கண்டதேயில்லை.

அந்தத் தலைமுறை தன் பெரியவர்களிடம் போய், "ஊரை விட்டு வந்த கதையைச் சொல்லுங்க" என்று கேட்டால் பலருக்கு வாய் அடைத்துப்போகும். கேட்டவருக்கும் சங்கடம், சொல்பவருக்கும் வேதனை. ஆனால் கையில் ஒரு பென்சிலும் மட்டைத் துண்டும் வைத்துக்கொண்டு, "மன்னார் ஸ்டேஷன்ல மேடை எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "இந்தப் பக்கம்" என்பார். பக்கத்தில் இருப்பவர் "இல்ல, அந்தப் பக்கம்" என்பார். பிறகு மதவாச்சியில் எவ்வளவு நேரம் வண்டி நின்றது, செட்டிகுளத்தில் என்ன விற்றார்கள், முருங்கனில் யார் ஏறினார்கள், பேசாலையில் மீன் கூடைகளை எந்தப் பெட்டியில் ஏற்றினார்கள் என்று பேச்சு ஓடத் தொடங்கும். பெரிய கேள்வி திறக்காத வாயைச் சின்னக் கேள்வி திறந்துவிடும். மாதிரி ரயில் செய்கிறவருக்கோ சின்னக் கேள்விகள் மட்டும்தான் வேண்டும். கதவு எத்தனை, கூரை என்ன நிறம், தண்ணீர்த் தொட்டி எங்கே நின்றது!

இவையெல்லாம் சேர்த்து எழுதி வைக்கப்படாத விடயங்கள். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் மோதாதிருக்க, டெப்லட் என்ற வட்டத் தகட்டை ஒரு வளையத்தில் மாட்டி ஸ்டேஷன் ஊழியர் நீட்ட, ஓடும் எஞ்சினில் இருந்தவாறே அதைக் கையில் கோத்தெடுத்த காட்சியைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கனடா தந்த டீசல் எஞ்சின்களுக்கு ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று பெயர் இருந்ததை வைத்து, "இன்டைக்கு எந்த மாகாணம் வருது?" என்று பந்தயம் கட்டியிருக்கக்கூடியவர்களும் இருப்பார்கள். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

தலைமன்னார் ரயிலுக்கு இன்னொரு பெருமை உண்டு. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும், சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில் என்று ஒரே டிக்கெட்டில் பயணம் போனது. அக்கரையில் மீற்றர் பாதை, இக்கரையில் ஐந்தரை அடிப் பாதை. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த ரயிலையும் கடல் கொண்டுபோனது. இதை 87 மடங்கு சுருக்கி ஒரே மேசையில் செய்ய நினைப்பவர், ஒரு பக்கம் பதினொன்றரை மில்லிமீற்றர், மறுபக்கம் பத்தொன்பது சொச்சம் மில்லிமீற்றர் என்று இரண்டு விதத் தண்டவாளம் போட்டு, நடுவில் கடலும் வைக்க வேண்டும்.

கையில் இருப்பதைக் கொண்டு

செலவுக்கு என்ன செய்வது என்பீர்கள். வெளிநாட்டு எஞ்சின் ஒன்றின் விலையைக் கேட்டால் வீட்டில் அன்றைக்குச் சோறு கிடைக்காது! ஓடாத ரயிலில் தொடங்குங்கள். மட்டைப்பெட்டியை வெட்டிப் பெட்டிகள் செய்யலாம். நெருப்புக்குச்சிகள் சிலிப்பர் கட்டைகளாகும். ஈர்க்குத் துண்டுகள் தந்திக் கம்பங்களாகும். 87 மடங்கு சுருங்கினால் இருபது மீற்றர் தென்னை ஒரு சாண் உயரம் வரும். தும்பைத் திரித்துத் தண்டு செய்து, பச்சைக் காகிதத்தைக் கீறி ஓலை கட்டலாம். ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு சென்ரிமீற்றருக்கும் குறைவுதான்.

தண்டவாளத்துக்கு இடையே போடும் சல்லிக்குக் கடற்கரை மணலைப் போல ஒன்று கிடைக்காது. அரை மில்லிமீற்றர் மணலை அரித்தெடுத்தால் அளவு சரியாக இருக்கும். ஆனால் இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். மணலை நல்ல தண்ணீரில் பல முறை கழுவி உப்பை நீக்காவிட்டால் தண்டவாளத்தில் துரு ஏறும். எங்கள் கரையோர மணலில் காந்தத்தில் ஒட்டும் கருமணலும் கலந்திருக்கலாம். என்றாவது ஒருநாள் மோட்டார் எஞ்சின் வாங்கி ஓட்டினால் அது மோட்டாருக்குள் புகுந்து கெடுத்துவிடும். மணலைக் காயவைத்து, மேலே ஒரு காந்தத்தை இரண்டு மூன்று தரம் ஓடவிட்டு எடுத்துவிடுங்கள். மட்டை வேலைக்கு வார்னிஷ் பூசாவிட்டால் கடற்காற்று ஒரு மாரியிலேயே அதை வளைத்துவிடும்.

முழுப் பாதையையும் அளவு பிசகாமல் செய்ய முடியாது. கொழும்பிலிருந்து புத்தளம் வரையுள்ள சுமார் 130 கிலோமீற்றரை 87ஆல் வகுத்தாலும் ஒன்றரைக் கிலோமீற்றர் தண்டவாளம் வேண்டுமே! ஆகவே முக்கியமான ஸ்டேஷன்களை வைத்துக்கொண்டு நடுவில் உள்ளதைச் சுருக்கிவிடுவார்கள். எதை வைப்பது, எதை விடுவது என்பது பேச்சில் முடிவாகும்.

உதாரணமாக, புத்தளத்திலிருந்து மன்னார் நேர்கோட்டில் ஏறத்தாழ 105 கிலோமீற்றர். ஆனால் தண்டவாளத்தை மட்டும் நம்பினால் தெற்கே ராகம வரை இறங்கி, பொல்கஹவெல, மாகோ, அனுராதபுரம் என்று ஏறி, மதவாச்சியில் மேற்கே திரும்ப வேண்டும். இரண்டு ஊரையும் இணைக்கப் பாதை போட்டதில்லை. மேசையில் அதற்கு ஒரு சாண் தண்டவாளம் போதும். அந்த ஒரு சாணை எப்படிக் கொண்டுபோவது? கடலோரமாகவா, வில்பத்துக் காட்டுக்குள்ளாலா? காட்டுக்குள்ளால் போனால் நேர்பாதை என்பார் ஒருவர். ஈர்க்கில் செய்த மரமானாலும் வெட்ட விடமாட்டேன் என்பார் மற்றவர்.