தோட்டா உறைக்கு அம்மோனியா ஏன் ஆகாது?

தோட்டாவின் உறை, சுமார் 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த பித்தளை. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள், சுடாமலேயே விரிசல் விட்டன. எப்படி?

தகட்டை அழுத்தி இழுத்து உறையாக்கும்போது உலோகத்துக்குள் இழுவிசை தங்கிவிடுகிறது. குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா, ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கிறது. உள்ளே தங்கிய விசை அந்த இடத்தைப் பிளக்கிறது. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் இதை விளக்கினர். உறையை மிதமாகச் சூடாக்கினால் அந்த விசை தளரும்.

ஆகவே அம்மோனியா கலந்த பாலிஷைத் தவிருங்கள். சுட்ட வெற்று உறையைச் சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்த்தினால் போதும். ஈயத்தூசு ஒட்டியிருக்கும், கையுறை அவசியம். மருந்து நிரம்பிய தோட்டாவை உலர்ந்த துணியால் மட்டுமே துடைக்க வேண்டும்.