பிறப்பிடத்துக்கும் வதிவிடத்துக்கும் நடுவே

இலங்கை வானொலியின் மரண அறிவித்தல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாக இருக்கும்: இன்ன தீவைப் பிறப்பிடமாகவும், இன்ன நகரத்தை வதிவிடமாகவும் கொண்ட அமரர் இன்னார், இன்னாரின் கனிஷ்ட புத்திரரும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு பாட்டனாருமாவார். யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தில், ஊர்காவற்றுறையிலோ, புங்குடுதீவிலோ, நயினாதீவிலோ, நெடுந்தீவிலோ பிறந்து, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் கடல் கடந்து, தலை நரைத்தபின் திரும்பியோ திரும்பாமலோ போன ஒரு மனிதரின் ஆயுட்காலம் முழுவதும் அந்த வாக்கியத்தில் ஒரு காற்புள்ளிக்குள் அடங்கிவிடுகிறது.

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் காலமானால், 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து பந்துமித்திரர் உண்டு விடைபெறும் வேளையில், ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு புத்தகம் கொடுக்கப்படுவது நெடுங்கால வழக்கம். கல்வெட்டு என்று அதற்குப் பெயர்; கல்லில் பொறித்ததன்று, காகிதத்தில் அச்சிட்டது. ஊர்ப் புலவர் ஒருவரைக் கொண்டு காப்புச் செய்யுள், ஊர்ச் சிறப்பு, குலமரபு, கல்வி, உத்தியோகம், விவாகம், மக்கட்பேறு, தேகவியோகம் என்று ஏறத்தாழக் காப்பிய முறையிலேயே அதைப் பாடுவிப்பார்கள். மரணம் நேர்ந்த வருஷம், மாதம், பட்சம், திதி அனைத்தையும் நான்கு அடிகளில் அடக்கும் திதி வெண்பா அதில் தவறாமல் இருக்கும். ஆண்டுதோறும் சிராத்தம் செய்யவேண்டிய சந்ததியாருக்கு அதுவே பஞ்சாங்கக் குறிப்பு. பின்னர் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். இறுதியில் தேவார திருவாசகப் பாடல்கள். ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களும் 31ஆம் நாள் திருப்பலியை ஒட்டி நினைவு மலர் வெளியிடுவதுண்டு.

சாதாரண மனிதனுக்குச் சரித்திரம் எழுதிய மரபு இது. மன்னனும் மந்திரியும் அல்லாத ஒரு கடைச் சிப்பந்தியின் வம்சாவளியைப் பூட்டன் வரையில் பின்னோக்கிச் சென்று, எந்தத் தீவில் பெண்ணெடுத்தார், எந்தக் கோயிலுக்கு உபயகாரராக இருந்தார் என்பதையெல்லாம் சிரத்தையோடு பதிந்துவைத்த நூல்கள் உலகில் பல இல்லை. ஆயினும், உயிரோடு இருக்கிற அப்பப்பாவிடமும் அம்மப்பாவிடமும் கேட்டறிய வேண்டியது எதுவோ, அதைப்பற்றி மட்டும் கல்வெட்டு ஓரிரு அடிகளோடு நின்றுவிடுகிறது. "மலாயா நாடு சென்று மாநிதி ஈட்டினார்" என்ற போக்கில் ஓர் அடி வரும். அடுத்த அடியில் அவர் திரும்பி வந்து கோயில் மணிக்கூண்டு கட்டிக்கொண்டிருப்பார்.

நடுவில் நடந்தது என்ன? இலங்கையில் பொறியியலாளராகப் பணியாற்றிய ஸ்பூனர் என்னும் ஆங்கிலேய அரசாங்க உத்தியோகத்தர் 1891இல் சிலாங்கூருக்கு மாற்றலாகிப் போனபின், மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்களுக்கு மலாயாவின் ரயில்வேக்களிலும் கந்தோர்களிலும் வாசல் திறந்தது. குடாநாட்டினரே மிகுதியாகச் சென்றார்களெனினும், தீவகத்தாரும் சென்றனர். ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களை ஊர் 'மலாயன் பென்சனியர்' என்று மரியாதையாக அழைத்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கியதும் கடிதமும் மணியோடரும் நின்றன. 1945 வரை, கணவன் உயிரோடு இருக்கிறானா என்று அறியாமலே தீவுப் பெண்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள். அங்கே அந்தக் கணவன்மார் சம்பளமாக வாங்கிய, வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டுகள் யுத்தம் முடிந்த மறுகணமே வெறுங்காகிதமாயின. இவற்றுள் எத்தனை கல்வெட்டுகளில் ஏறியிருக்கின்றன?

ஊர்காவற்றுறைக் கரம்பொனில் 1913இல் பிறந்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் போதித்து, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்டிய சேவியர் தனிநாயகம் அடிகளாரின் சரித்திரத்தை எழுத அறிஞர்கள் இருந்தார்கள். அதே நகரத்தின் ரயில்வேக் கந்தோரில் பேரேடு எழுதிய அவருடைய ஊரவருக்குப் பேரப்பிள்ளையைத் தவிர வேறு சரித்திராசிரியர் இல்லை.

இனி, தீவகத்தின் மிகப் பெரிய புலப்பெயர்வு மலாயாவுக்கு அன்று, தென்னிலங்கைக்கு. மெல்லிய மண்ணும் உவர்க்கிணறும் மாரிமழையை மட்டும் நம்பிய ஒருபோக வயலும் பெருங்குடும்பத்தைத் தாங்காத நிலையில், பையன் ஐந்தாம் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, உறவினர் ஒருவரின் பின்னால் கொழும்புக்கோ கண்டிக்கோ காலிக்கோ 'கடைக்குப்' போனான். பகலில் சாமான் நிறுத்து, இரவில் அதே கடையின் சாக்குமூட்டைகளின்மேல் படுத்து, சிங்களம் பேசக் கற்று, சிப்பந்தியாய், காசு மேசையில் இருப்பவனாய், பங்காளியாய், ஒருநாள் முதலாளியாய் உயர்ந்தான். ஆனி மாதத்தில் நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு ஊர் வந்து, தாலி கட்டி, மறுபடியும் கடைக்கே போனான். அவன் பிள்ளைகள் தகப்பனை விடுமுறை விருந்தாளியாகவே அறிந்தார்கள். 1958இல் இனக் கலவரத்துக்குத் தப்பிக் கப்பலில் யாழ்ப்பாணம் வந்தவர்களுள் இத்தகையோர் பலர். நிலைமை தணிந்ததும் எரிந்த கடையை மறுபடி கட்டப் போனவர்களும் அவர்களே. 1977, 1983 கலவரங்களிலும் கடை மீண்டும் எரிந்தது. அதன்பின் போனவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். போன இடங்கள் சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், கனடா.

நெடுந்தீவார் கிளிநொச்சிக் குடியேற்றங்களுக்குச் சென்று காடு வெட்டி வயலாக்கியது இன்னொரு கதை. கடல் கடந்தவரின் கதைக்கு அது எவ்விதத்திலும் குறைந்ததன்று.

இந்த வாழ்க்கைகளுக்குச் சான்றாயிருந்த கடிதக்கட்டுகளும் ஐந்தொகைக் கொப்பிகளும் வீட்டுத் தகரப்பெட்டிகளிலேயே இருந்தன. 1990ஐ அடுத்த ஆண்டுகளில் தீவகத்து ஜனங்களிற் பெரும்பாலோர் யுத்தத்தால் வெளியேறியபோது, பெட்டிகளைச் சுமக்க எவருக்கு இயன்றது? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப்பற்றி உலகமே வருந்தியது. வீட்டுப் பெட்டிகள் அழிந்ததற்கு அந்தந்த வீட்டார் மட்டுமே வருந்தினர். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம், பழைய கல்வெட்டுகளையும் நினைவு மலர்களையும் நூல்களுக்கு நிகராக மதித்துச் சேகரித்து, எவரும் வாசிக்க வைத்திருப்பது பெரும் உபகாரம். தம் வீட்டுப் பிரதி ஒன்றை அங்கே சேர்ப்பிப்பது எந்தக் குடும்பத்துக்கும் சிரமமான காரியமன்று.

இன்று தொரன்றோவிலும் பாரிசிலும் அச்சாகும் மலர்களில், தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சில பக்கங்கள் சேர்க்கப்படுகின்றன. இது நல்ல மாறுதல் என்பது என் துணிபு. ஆனால், அந்தப் பக்கங்களை, பெரியவர் இறந்த மறுவாரத்தில், அழுகைக்கும் அச்சகத்துக்கும் நடுவே அவசரமாக எழுதுவானேன்? அவர் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து பேசக்கூடிய காலத்திலேயே, "அப்பு, நீங்கள் எந்த வயசிலை கடைக்குப் போனனீங்கள்? ஆரோடை போனனீங்கள்? முதல் சம்பளம் எவ்வளவு? அதை ஆருக்கு அனுப்பினனீங்கள்?" என்று ஒரு பிள்ளை கேட்கட்டும். சொல்லக் காத்திருக்கிறவர்கள் அவர்கள். நான் அறிந்த முதியவர்களுள், முதற்சம்பளத்தை மறந்தவர் ஒருவரும் இல்லை.